மரியாதை இழந்த ஒரு மரியாதைச் சொல்

ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன்னர் சுவீடன் நாட்டு நகரமொன்றில் நாம் ஒரு கடைக்குள் நுழைந்திருந்தால், கடைக்காரர் நம்மைப் பார்த்து 'உங்களுக்கு என்ன வேண்டும்?' என்று கேட்டிருக்கமாட்டார். 'என்னவாக இருக்கட்டும்?' என்று யாரையும் சுட்டாமல், காற்றை நோக்கிக் கேட்பதுபோலக் கேட்டிருப்பார். விருந்துக்கு அழைத்த இல்லத்தரசி, அறிமுகமில்லாத விருந்தினரிடம் 'காபி குடிக்கிறீர்களா?' என்று கேட்கத் தயங்கி, 'காபி எடுத்துக்கொள்ளப்படுமா?' என்பார். நன்கு அறிமுகமான மருத்துவரிடமோ, அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே, 'மருத்துவர் நேற்று நன்றாக உறங்கினாரா?' என்பார்கள். வேறு எந்த மருத்துவரைப் பற்றியும் அல்ல. எதிரில் அமர்ந்திருப்பவரைப் பற்றியே அக்கேள்வி.

இத்தனை சுற்றி வளைத்துப் பேசியவர்களின் மொழியில் 'நீங்கள்' என்பதற்குச் சொல் இல்லாமலில்லை. சொல் இருந்தது, குறுகிய, சொல்வதற்கு எளிய, இலக்கணத்துக்கு முற்றிலும் பொருந்திய சொல்தான். ஆயினும் ஒருவரை நோக்கி அதைச் சொன்னால் அவர் முகம் சிவக்கும். மரியாதைக்காகவே எழுந்த சொல், காலப்போக்கில் அவமதிப்பின் அடையாளமாக மாறிவிட்டிருந்தது. அந்தச் சொல்லின் வரலாற்றையே இங்குக் காண விரும்புகிறோம். (அண்மைக் காலத்தில் சுவீடிய மொழியின் பிரதிப்பெயர் என்றாலே, 2015ஆம் ஆண்டு சுவீடிய அக்காதெமியின் சொற்பட்டியலில் இடம்பெற்ற 'ஹென்' என்ற புதிய படர்க்கைச் சொல்லைப் பற்றியே பேசுகிறார்கள். அது வேறு கதை. நாம் சொல்வது அதைவிட முந்நூறு ஆண்டுகள் மூத்தது.)

அச்சொல்லின் ஒலி தமிழருக்குச் சற்று வியப்பளிக்கும். நாம் 'நீ' என்று உச்சரிப்பதைப் போலவே அது ஒலிக்கிறது. ஆனால் பொருளோ நம் 'நீங்கள்'. நம் 'நீ'க்கு இணையாக அவர்கள் கொண்டிருப்பது 'டூ' என்ற சொல். ஒலி ஒற்றுமை தற்செயலானது. இரு மொழிகளுக்கும் உறவு எதுவும் இல்லை. குழப்பம் நேராதிருக்க இக்கட்டுரையில் சுவீடியச் சொல்லை 'நி' என்று குறிலாகவே எழுதுகிறோம்.

இடைக்காலச் சுவீடிய மொழியில் 'நி' இல்லை. ஒருவரை அழைக்க 'தூ' இருந்தது. அதுவே இன்றைய 'டூ'. பலரை அழைக்க 'ஈ' என்ற ஓரெழுத்துச் சொல் இருந்தது. முன்னிலைப் பன்மையில் வினைச்சொற்கள் 'ன்' என்ற மெய்யில் முடியும். வினை முன்னும் எழுவாய் பின்னும் வரும் இடங்களில், குறிப்பாகக் கேள்விகளில், 'ஹாவென் ஈ' என்று வரும், 'உங்களிடம் உள்ளதா?' என்பது அதன் பொருள். மெய்யீற்றின்மேல் உயிர் வந்து ஏறுவதை நாம் பள்ளி நாள்களிலேயே புணர்ச்சி விதியாகப் படித்திருக்கிறோம். அதேதான் அங்கும் நிகழ்ந்தது. விரைந்து பேசும்போது 'ஹாவென் ஈ' என்பது 'ஹாவெனீ' என்று ஒலித்தது. கேட்டவர்கள், சிறப்பாகப் புதிதாக மொழி கற்கும் குழந்தைகள், அதைத் தவறான இடத்தில் பிரித்தார்கள்: 'ஹாவெ' ஒரு சொல், 'நி' மற்றொரு சொல். இவ்வாறு வினையின் கடைசி எழுத்தைக் கவர்ந்துகொண்டு, 17ஆம் நூற்றாண்டில் 'நி' எழுத்திலும் தலைகாட்டத் தொடங்கியது.

இது சுவீடியருக்கு மட்டும் நேர்ந்த விந்தையன்று. அவர்களுடைய உறவுமொழியான ஐஸ்லாந்திய மொழியிலும் முன்னிலைப் பன்மைச் சொற்கள் இதே முறையில் முந்தைய வினையின் ஈற்று மெய்யைத் தமக்கு முதலெழுத்தாக்கிக் கொண்டன. சுவீடிய மொழியில் வேடிக்கை என்னவென்றால், பிற்காலத்தில் அந்த வினை ஈறு வழக்கொழிந்தது. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் எழுத்து மொழியிலிருந்தும் பன்மை வினைகள் மறைந்தன. ஈன்ற தாய் மறைய, பிள்ளை மட்டும் நிலைத்துவிட்டது. ஆனால் 'உங்களை', 'உங்களுக்கு' என்று வேற்றுமை ஏற்கும் வடிவம் வினையோடு அவ்வாறு ஒட்டாததால், அதில் இந்த 'ன்' ஏறவில்லை. பழைய 'ஏடெர்' என்பது 'ஏர்' என்று குறுகியதோடு சரி. ஆகவே 'நி' என்றால் 'நீங்கள்', 'ஏர்' என்றால் 'உங்களை'. இதை வாசகர் நினைவில் வைத்திருக்க வேண்டுகிறோம், இறுதியில் தேவைப்படும்.

பன்மைச் சொல்லால் ஒருவரை மதிக்கும் வழக்கம் சுவீடனில் தோன்றியதன்று. பிற்கால உரோமைப் பேரரசில் பேரரசரைப் பன்மையில் அழைக்கும் வழக்கம் வேரூன்றியது. பேரரசர் 'நான்' என்னாமல் 'நாம்' என்றார். குடிகளும் 'நீ' என்னாமல் 'நீங்கள்' என்றனர். அரசவைகள் வழியாகவும் திருச்சபையின் இலத்தீன் மடல்கள் வழியாகவும் அது ஐரோப்பா எங்கும் பரவியது. சுவீடனிலும் மேலோரை 'ஈ' என்று விளிப்பது இடைக்காலத்தின் பிற்பகுதியில் வழக்காயிற்று. நம் மொழியிலும் இதே போக்கைக் காண்கிறோம். பழந்தமிழில் பலரைச் சுட்டிய 'நீர்' பின்னர் ஒருவரை மதித்துச் சுட்டலாயிற்று. அந்த மதிப்புத் தேய்ந்தபின் 'நீங்கள்' அவ்விடத்தைப் பிடித்தது. மரியாதைச் சொற்கள் நாணயங்களைப் போன்றவை. கை மாற மாற அவற்றின் முத்திரை மழுங்கிவிடுகிறது.

ஆனால் இறைவனை அழைக்கும் சொல்லில் இந்த மாற்றம் நுழையவில்லை. சுவீடன் நாட்டின் மாபெரும் புனிதையான பிரிஜித்தா (1303-1373) தம் தாய்மொழியில் கைப்பட எழுதிய தாள்களுள் சில இன்றும் ஸ்டாக்ஹோம் அரச நூலகத்தில் பாதுகாக்கப்பட்டு வருகின்றன. அரச குலத்தோடு உறவுடைய குடும்பத்தில் பிறந்து, அரண்மனையிலும் பணியாற்றியவர் அவர். அரசர்களுக்கும் திருத்தந்தையர்க்கும் அஞ்சாமல் அறிவுரை சொன்னவர். 1391ஆம் ஆண்டு புனிதராக உயர்த்தப்பட்டார். 1999ஆம் ஆண்டு திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவரை ஐரோப்பாவின் இணைப் பாதுகாவலியாக அறிவித்தார். அவருடைய வெளிப்பாடுகளின் பழஞ்சுவீடிய வடிவத்தில் கிறிஸ்து அவரோடு பேசும்போது கையாளும் சொல் எளிய 'தூ' என்பதே. 1526ஆம் ஆண்டு வெளிவந்த சுவீடிய மொழிப் புதிய ஏற்பாடும், 1541ஆம் ஆண்டின் முழு விவிலியமும் சீர்திருத்தக் காலத்து லூத்தரன் அறிஞர்களின் பணி. அவற்றிலும் இறைவன் 'டூ'தான். நாம் செபத்தில் இறைவனை 'நீர்' என்கிறோம். அவர்கள் தலைமுறை தலைமுறையாக 'நீ' என்றே வேண்டி வந்தனர். இறைவனை 'நீ' என்று அழைத்துவிட்டு ஆலயத்தைவிட்டு வெளியே வந்த அதே மனிதருக்கு, வாயிலில் நின்ற அலுவலரை எப்படி அழைப்பதென்று தெரியாமல் போனதுதான் இந்த வரலாற்றின் முடிச்சு.

அந்த முடிச்சு விழுந்தது 17, 18ஆம் நூற்றாண்டுகளில் எனலாம். சுவீடன் வலிமைமிக்க அரசாக எழுந்து, படைத் தலைவர்களும் அலுவலர்களும் பெருகிய காலம் அது. பிரபுக்களும் அதிகாரிகளும் வெறும் 'நி' தங்களுக்குப் போதாதென்று எண்ணினர். பதவிப் பெயரையே படர்க்கையில் சொல்லி அழைக்கும் முறை தோன்றியது. 'கோமகன் விரும்புகிறாரா?', 'தளபதி அறிவாரா?' என்பன போன்ற விளிகள் முதலில் அரண்மனைகளில் ஒலித்தன. பின்னர் நடுத்தர மக்களின் கூடங்களுக்கும் வந்தன. செருமானியர் 'ஸீ' என்ற சொல்லையும் தேனியர் 'தீ' என்ற சொல்லையும் பொது மரியாதைச் சொல்லாக ஏற்று அமைதி கண்டனர். சுவீடியர் அத்தகைய ஏற்பாடு எதற்கும் வரவில்லை.

பதவி உடையவரை எல்லாம் பதவிப் பெயரால் அழைத்தால், 'நி' யாருக்கு மிஞ்சும்? பதவி இல்லாதவருக்கு. இங்கேதான் அச்சொல்லின் வீழ்ச்சி தொடங்குகிறது. வழிப்போக்கர், கூலித் தொழிலாளி, அலுவலகத்துக்கு மனுக்கொடுக்க வந்த சிற்றூர்க்காரர் ஆகியோரை நோக்கி மட்டுமே 'நி' சொல்லப்பட்டது. நாளடைவில் அச்சொல்லைக் கேட்டாலே 'உனக்கென்று சொல்ல ஒரு பட்டமும் இல்லை' என்று பொருள்படலாயிற்று. வீட்டுப் பணிப்பெண்ணுக்கு அதுவும் கிடைக்கவில்லை. 'ஆன்னா காபி கொண்டுவரலாமா?' என்று அவளிடமே அவளைப் படர்க்கையாக்கிப் பேசினார்கள். 'அவன்', 'அவள்' என்ற சொற்களும் ஒரு காலத்தில் முன்னிலையில் மரியாதைக்காகப் பயன்பட்டுப் பின்னர் இதேபோலத் தாழ்ந்துபோயின. படியின் உச்சியில் வைக்கப்பட்ட ஒவ்வொரு சொல்லும் ஒவ்வொரு படியாகக் கீழே உருண்டு வந்ததைக் காண்கிறோம்.

இதனால் உண்டான இடர்ப்பாடுகள் எழுத்தாளர்களுக்கு நல்ல தீனியாயின. 1839ஆம் ஆண்டு கார்ல் யூனாஸ் லூவே ஆல்ம்க்விஸ்ட் வெளியிட்ட 'தெத் கோர் ஆன்' என்னும் புதினம் மேலாரன் ஏரியில் செல்லும் நீராவிப் படகில் தொடங்குகிறது. இளம் படைவீரன் ஒருவன், கண்ணாடி பதிக்கும் தொழிலாளியின் மகளான சாரா வீதெபெக்கைச் சந்திக்கிறான். அவளோடு பேச ஆவல். ஆனால் எவ்வாறு அழைப்பது? உயர்குடிப் பெண்ணுக்குரிய விளி அவளுக்குப் பொருந்தாது. பணிப்பெண்ணுக்குரியதைச் சொன்னால் அது இழிவு. இரண்டுக்கும் இடைப்பட்ட ஒருத்தியை அழைக்க அம்மொழியில் சொல் இல்லை. அப்புதினம் அக்காலத்தில் திருமணம் பற்றிய கருத்துகளுக்காகக் கடும் கண்டனத்துக்கு உள்ளானது. அக்கருத்துகளை நாமும் ஏற்க இயலாது. எனினும் ஒரு பெண்ணை எப்படி அழைப்பது என்ற தடுமாற்றத்திலேயே ஒரு சமுதாயத்தின் நோயை அவர் கண்டுகொண்டார் என்பதை மறுப்பதற்கில்லை.

நோய் என்ற சொல் நாம் புனைந்ததன்று. 'தீத்தெல்ஷூகா', அதாவது பட்டநோய், என்று சுவீடியரே அதற்குப் பெயரிட்டு நகைத்தார்கள். நகைத்துக்கொண்டே அதில் வாழ்ந்தார்கள் என்பதுதான் பரிதாபம். மொத்த வணிகர், கணக்கர், மாவட்ட நடுவர், இயக்குநர் என ஒவ்வொருவருக்கும் ஒரு பட்டம் வேண்டும். தொலைபேசிக் கையேட்டிலும் பெயரோடு பதவி அச்சாயிற்று. மனைவியர் கணவரின் பதவியைப் பெண்பாலாக்கித் தாங்கினர். லூத்தரன் சபையில் குருக்கள் மணம் புரிந்தவர்களாதலால், வட்டார முதன்மைக் குருவின் மனைவிக்கும் 'ப்ரூஸ்தின்னா' என்ற தனிப்பட்டம் இருந்தது. ஆயரின் மனைவிக்கு அதனினும் உயர்ந்த ஒன்று. பங்குக் குருவைக் குறிக்கும் சுவீடியச் சொல்லின் நேர்ப்பொருள் 'திருச்சபையின் ஆயன்'. ஆட்டின் பின்னே கோலோடு நடந்தவனின் பெயர்கூட அங்கே மேசையின் எந்தப் பக்கத்தில் அமர வேண்டும் என்பதைக் காட்டும் பட்டமாகிவிட்டது.

நண்பர்களாகிவிட்ட இருவர் இந்தத் தளையிலிருந்து விடுபட ஒரு சடங்கே இருந்தது. 'பட்டங்களை ஒதுக்கி வைத்தல்' என்பது அதன் பெயர். வயதிலோ தகுதியிலோ மூத்தவர்தான் அதை முன்மொழியலாம். ஆணும் பெண்ணுமாயின் பெண்ணே முன்மொழிய வேண்டும். இருவரும் கிண்ணங்களை உயர்த்தி, ஒருவர் கண்ணை ஒருவர் நோக்கி, பெயர்களைச் சொல்லிப் பருகியபின், அன்றுமுதல் 'டூ' என்று அழைத்துக்கொள்வர். ஆண்களிடையே அதற்குச் 'சகோதரக் கிண்ணம்' என்றும் பெயர். இளையவர் தாமாகத் துணிந்து 'டூ' என்றால் அது மன்னிக்கப்படாத குற்றம். பல்லாண்டுகள் ஒரே அலுவலகத்தில் பணியாற்றியும் அந்தக் கிண்ணத்தை உயர்த்தாமலே ஓய்வு பெற்றுப் பிரிந்தவர்கள் உண்டு.

எல்லாரும் இவ்வாறு வாழவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். நாட்டுப்புற உழவர்கள் தங்களுக்குள் 'டூ' என்றே பேசிவந்தனர். டாலார்னா என்னும் மாநிலத்தார் அரசரையே 'டூ' என்று அழைத்தவர்கள் என்ற புகழ் அவர்களுக்கு உண்டு. அரசர்களும் அதைப் பொறுத்துக்கொண்டனராம். 19ஆம் நூற்றாண்டில் அரசுச் சபைக்கு வெளியே எழுந்த தனிச்சபைகளில் மக்கள் ஒருவரையொருவர் சகோதரன், சகோதரி என்று அழைத்தனர். மதுவிலக்கு இயக்கத்திலும் தொழிலாளர் இயக்கத்திலும் தோழமையின் சொல்லாக 'டூ' வேரூன்றியது. பின்னாளில் நாட்டையே மாற்றிய காற்று இந்த மூன்று வாயில்களின் வழியாகவே நுழைந்தது என்று நாம் கருதுகிறோம்.

படித்தவர்களும் வாளாவிருக்கவில்லை. 'நி' என்ற சொல்லைத் தூக்கி நிறுத்தி, செருமானியரின் 'ஸீ' போல எல்லார்க்கும் உரிய மரியாதைச் சொல்லாக்க வேண்டும் என்று 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து பலர் முயன்றனர். பகுத்தறிவுக்கு முற்றிலும் ஒத்த யோசனைதான். ஆனால் தோற்றது. பட்டம் உடையவர் அச்சொல்லைக் கேட்டால் தாம் இறக்கப்பட்டதாக எண்ணினார். பட்டம் இல்லாதவரோ, தம்மை இதுகாறும் இழிவுபடுத்திய சொல்லை மேலோர்மீது வீசத் துணியவில்லை. ஒரு சொல்லில் தலைமுறை தலைமுறையாக ஏறிய கசப்பை ஓர் அறிக்கையால் கழுவிவிட முடியாது போலும்.

குற்றம் சொல்லினுடையதன்று என்பதற்கு அண்டை நாடே சான்று. பின்லாந்து 1809ஆம் ஆண்டுவரை சுவீடன் அரசின் பகுதியாக இருந்தது. அங்குள்ள சுவீடிய மொழியினரிடம் 'நி' தாழ்வடையவில்லை. முதியோரையும் அறிமுகமில்லாதவரையும் மதிப்போடு அழைக்கும் சொல்லாகவே அது நிலைத்தது. ஒரே சொல், ஒரே இலக்கணம், நடுவில் ஒரு கடல். இக்கரையில் வசை, அக்கரையில் வணக்கம். 'நி' சொன்னவர்கள் அதை யாரை நோக்கி, எந்தப் பார்வையோடு சொன்னார்கள் என்பதே அதன் பொருளைத் தீர்மானித்தது.

இவ்விடத்தில் தூய யாக்கோபின் திருமுகம் இரண்டாம் அதிகாரம் நினைவுக்கு வருகிறது. பொன் மோதிரம் அணிந்தவரும் அழுக்கு உடை உடுத்த ஏழையும் ஒரே தொழுகைக்கூடத்துக்குள் வருகின்றனர். ஒருவருக்கு இருக்கை, மற்றவருக்குக் கால்மணையருகே தரை. அத்திருமுகம் கண்டிப்பது இருக்கையை அல்ல, அளந்து பார்க்கும் கண்ணை. பதவிப் பெயர் தெரியும்வரை பக்கத்திலிருப்பவரிடம் வாய் திறக்க இயலாத அந்தச் சுவீடிய விருந்தறையிலும் அதே கண்தான் வேலை செய்தது. நம் விருந்தறைகளைப் பற்றி என்ன சொல்வது? வயது முதிர்ந்த கோயில்பிள்ளையை 'நீ' என்றும், நேற்று வேலையில் சேர்ந்த இளம் அலுவலரை 'நீங்கள்' என்றும் நாம் தடுமாற்றமே இல்லாமல் அழைக்கிறோம். சுவீடியருக்கு இருந்த தடுமாற்றமாவது நமக்கு இருந்திருக்கலாம்.

1967ஆம் ஆண்டு சூலைத் திங்களில் சுவீடனின் மருத்துவ ஆட்சித் துறைக்குப் புதிய தலைமை இயக்குநர் பொறுப்பேற்றார். தண்டுவடத்தின் நரம்பணுக்கள் அடுக்கடுக்காக அமைந்திருப்பதை 1950களில் விளக்கி உலகப் புகழ் பெற்ற உடற்கூற்று அறிஞர் அவர். இன்றும் மருத்துவ மாணவர்கள் அவ்வடுக்குகளை அவர் பெயராலேயே படிக்கிறார்கள். பொறுப்பேற்ற நாளில் பணியாளர்களைக் கூட்டிய அவர், இனி தாம் எல்லாரையும் 'டூ' என்றே அழைக்கப்போவதாகவும், தம்மையும் பெயர் சொல்லியே அழைக்க வேண்டும் என்றும் அறிவித்தார். அவருடைய குடும்பப்பெயர் ரெக்சேத். இயற்பெயரோ ப்ரூர். அச்சொல்லின் பொருள் 'சகோதரன்'. எந்த நாவலாசிரியராவது இப்படிப் பெயரிட்டிருந்தால் மிகைப்படுத்திவிட்டார் என்று சொல்லியிருப்போம். 'ரபி' என்றும் 'தந்தை' என்றும் 'போதகர்' என்றும் அழைக்கப்பட விரும்பாதீர்கள், நீங்கள் யாவரும் சகோதரர்கள் என்னும் கருத்தை ஆண்டவர் மத்தேயு நற்செய்தியின் 23ஆம் அதிகாரத்தில் சொல்கிறார். ரெக்சேத் அதை நினைத்துப் பேசினாரா என்பது நமக்குத் தேவையில்லை. அரசு அலுவலகம் ஒன்றில் ஒரு தலைவர் தம் பெயராகிய 'சகோதரன்' என்பதைக் கொண்டே தம்மை அழைக்கச் சொன்னார் என்பது வரலாறு.

மாற்றத்தை அவர் ஒருவரே தொடங்கினார் என்பது மிகை. நாம் மேலே கண்ட இயக்கங்கள் நிலத்தை முன்னமே உழுதிருந்தன. சில பணியிடங்களில் பட்டங்கள் சத்தமின்றி மறையவும் தொடங்கியிருந்தன. ஆனால் அவர் செய்தி நாளிதழ்களுக்கு எட்டியது. தயங்கி நின்றவர்களுக்குத் துணிவு வந்தது. 1969ஆம் ஆண்டு ஒலோஃப் பால்மே தலைமை அமைச்சரானபோது, செய்தியாளர்கள் அவரை வெளிப்படையாக 'டூ' என்று அழைத்துக் கேள்வி கேட்டனர். அதன்பின் ஒரு சில ஆண்டுகளுக்குள் மாணவர் ஆசிரியரையும், நோயாளி மருத்துவரையும், குடிமகன் அதிகாரியையும் 'டூ' என்றே அழைக்கலாயினர்.

'டூ சீர்திருத்தம்' என்று வரலாறு இதற்குப் பெயரிட்டிருக்கிறது. ஆனால் சட்டம் இல்லை, ஆணை இல்லை, வாக்கெடுப்பு இல்லை. அதே 1967ஆம் ஆண்டு செப்டம்பர் 3ஆம் நாள் சுவீடன் சாலையின் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாறியது. அதற்குச் சட்டமும், ஆண்டுக்கணக்கில் ஏற்பாடும், நாடெங்கும் பரப்புரையும் தேவைப்பட்டன. வண்டிகள் பக்கம் மாறுவதற்கு இவ்வளவு பாடு! மனிதர் மனிதரை அழைக்கும் சொல் மாறுவதற்கோ, மக்கள் மனத்தில் அது கனிந்திருந்ததே போதுமானதாயிற்று. ஆங்கிலேயர் முற்காலத்தில் ஒருமைச் சொல்லைக் கைவிட்டுப் பன்மைச் சொல்லை எல்லார்க்கும் பொதுவாக்கினர். சுவீடியர் நேரெதிராக, பன்மையை விலக்கி ஒருமையைப் பொதுவாக்கினர். ஒரு குடும்பத்துக்கு மட்டும் விலக்கு: அரசரையும் அரச குடும்பத்தாரையும் இன்றும் 'அரசர் விரும்புகிறாரா?' என்று படர்க்கையிலேயே அழைக்கிறார்கள்.

இதில் இழப்பே இல்லை என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை. பட்டங்களை ஒதுக்கிவைத்த அந்த மாலைப்பொழுதில் இருவர் கிண்ணத்தை உயர்த்தி 'டூ' என்றபோது அச்சொல் ஒரு கொடையாக இருந்தது. எல்லாரும் எல்லாரையும் அப்படியே அழைக்கும்போது கொடை என்று ஒன்று மிஞ்சுவதில்லை. நெடுநாள் வாழ்ந்து, பிள்ளைகளை ஆளாக்கி, தளர்ந்து மருத்துவமனைக் கட்டிலில் கிடக்கும் முதியவரை, பேரப்பிள்ளை வயதுடைய செவிலியர் பெயர் சொல்லி அழைப்பதில் ஏதோ ஒன்று குறைகிறது என்று உணரும் சுவீடியர் உண்டு. ஆனாலும், கேள்வி கேட்க வாயில்லாமல் காற்றைப் பார்த்துப் பேசிய அந்தப் பழைய நாள்களுக்குத் திரும்ப அவர்கள் விரும்புவதில்லை. பணிப்பெண் ஆன்னாவிடம் கேட்டால் என்ன சொல்லியிருப்பாள் என்பதையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

1980களில் எதிர்பாராத ஒன்று நடந்தது. கடைகளிலும் உணவகங்களிலும் பணிபுரிந்த இளைஞர்கள், வாடிக்கையாளர்களை, சிறப்பாக வயதானவர்களை, 'நி' என்று அழைக்கத் தொடங்கினர். பழைய கசப்பை அறியாத தலைமுறை அது. பிரெஞ்சு, செருமன் மொழிகளில் இருப்பதுபோலத் தங்கள் மொழியிலும் இது மரியாதைச் சொல் என்று உள்ளன்போடு எண்ணினார்கள். கேட்ட முதியவர்களோ புண்பட்டார்கள். தம் இளமையில் அதிகாரிகள் தம் பெற்றோரை நோக்கி வீசிய அதே சொல் அல்லவா! மரியாதை செய்ய விழைந்தவரும், அவமதிக்கப்பட்டதாக வருந்தியவரும் ஒரே மேசையின் இருபுறமும் நின்றனர். இந்தப் புதிய 'நி' பற்றிய விவாதம் இன்றுவரை முற்றிலும் ஓயவில்லை.

விவிலிய மொழி இவற்றையெல்லாம் கடந்து தன் வழியே வந்தது. 1917ஆம் ஆண்டின் சுவீடிய விவிலியம் பலரை விளிக்கும்போது பழைய 'ஈ', 'ஏடெர்' என்ற சொற்களையே காத்திருந்தது. பேச்சில் 'நி' வந்து இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் திருமறைப் பக்கங்களில் அதற்கு இடம் கிடைக்கவில்லை. 1981ஆம் ஆண்டு வெளிவந்த புதிய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பில்தான் 'நி' அங்கே நுழைந்தது. மதிப்பும் இல்லாமல், இகழ்ச்சியும் இல்லாமல், பலரைச் சுட்டும் தன் பிறவிப் பொருளோடு நுழைந்தது. ஆண்டவர் கற்பித்த செபத்தின் புதிய வடிவத்திலோ, முன்பு சொல்லப்படாமல் விடப்பட்டிருந்த 'டூ' என்ற சொல், தந்தையை விளித்த உடனே வெளிப்படையாகச் சேர்க்கப்பட்டது.

லூக்கா நற்செய்தியின் 22ஆம் அதிகாரத்தில், இறுதி இரவுணவின்போது இயேசு சீமோன் பேதுருவிடம் பேசும் இரண்டு வசனங்களைச் சுவீடிய மொழியில் படிப்பவர்கள் இந்த இரு சொற்களையும் அருகருகே காண்பார்கள். கோதுமையைப் போலப் புடைக்கச் சாத்தான் கேட்டது யாரை என்னுமிடத்தில் 'ஏர்' என்றிருக்கிறது. சீடர்கள் அனைவரையும் அது குறிக்கிறது. ஆனால் தாம் மன்றாடியது யாருக்காக என்று ஆண்டவர் சொல்லுமிடத்தில் அச்சொல் 'டூ'வின் வடிவமாக மாறிவிடுகிறது. கிரேக்க மூலத்தில் உள்ள இந்த வேறுபாட்டை இன்றைய ஆங்கிலச் சொல் மறைத்துவிடுகிறது. நம் தமிழ் விவிலியத்தில் 'உங்களை' என்றும் 'உனக்காக' என்றும் அது அப்படியே இருக்கிறது.